எரிவது யாருடைய சொத்து?

தீயணைப்புப் படையின் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் வண்டிகளின் வரலாற்றைச் சொல்லி முடித்துவிடுவார்கள். முதலில் தோல் வாளி, அப்புறம் கைப்பம்பு, நீராவிப் பம்பு, மோட்டார் வண்டி, கடைசியில் மாடி மாடியாக நீளும் ஏணி. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு படை எதைக் காப்பாற்ற ஓடுகிறது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்பதற்கு இந்த வரிசையில் விடை கிடையாது. தீயால் வரும் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்ற கணக்கைப் பார்த்தால்தான் அது விளங்கும். கணக்கு எப்படியோ, படையும் அப்படியே அமைகிறது. இதற்குச் சாட்சியாக லண்டன் மாநகரத்தை எடுத்துக்கொள்கிறேன். சுமார் 350 ஆண்டுகளில் அந்த நகரம் இந்தக் கணக்கைப் பல தடவை திருத்தி எழுதியிருக்கிறது.

1666 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை விடியுமுன். புட்டிங் லேன் என்ற சந்தில் தாமஸ் ஃபாரினரின் ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. நாலு நாளில் 13,200 வீடுகள், 87 தேவாலயங்கள், பழைய செயின்ட் பால் பேராலயம் எல்லாம் சாம்பல். பரவும் தீயை நிறுத்த அன்றைக்கு உருப்படியான வழி ஒன்றுதான் இருந்தது: அது வரும் பாதையில் உள்ள வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்குவது. இழுத்துத் தள்ளுவதற்கான நீளமான இரும்புக் கொக்கிகள் தேவாலயங்களில் தயாராக இருந்தன, ஆட்களுக்கும் குறைவில்லை. ஆனால் மேயர் தாமஸ் பிளட்வர்த் தயங்கினார். வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் இடித்தால், இடிக்கச் சொன்னவரே திரும்பக் கட்டித் தரவேண்டும் என்பது வழக்கம். சாமுவேல் பீப்ஸ் அரண்மனைக்கு ஓடி, இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் ஆணை வாங்கி வந்து மேயரைத் தேடிப் பிடித்தபோது தீ கைமீறிப் போயிருந்தது. பிளட்வர்த்தைக் கையாலாகாதவர் என்று வரலாறு எழுதிவைத்துவிட்டது. எனக்கென்னவோ அவர்மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. ஊரைக் காப்பாற்றும் செலவு ஒரு தனி மனிதனின் கணக்கில் ஏறும் என்றால், எந்த மனிதனும் இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாமே என்றுதான் நினைப்பான்.

அடுத்த ஆண்டே வந்த சட்டம் புதுவீடுகளைச் செங்கல்லாலும் கல்லாலும்தான் கட்டவேண்டும் என்றது. நஷ்டத்தைப் பங்கிட வழி கண்டவர்கள் வியாபாரிகள். மருத்துவம் படித்துவிட்டுக் கட்டுமானத் தொழிலில் இறங்கிய நிக்கலஸ் பார்பன் 1680களின் தொடக்கத்தில் தீக்காப்பீட்டு அலுவலகம் ஒன்றைத் திறந்தார். 1710இல் சன் நிறுவனம் வந்தது. காப்பீடு விற்றவர்களுக்கு ஓர் உண்மை சீக்கிரமே உறைத்தது. எரிந்த வீட்டுக்குப் பணம் தருவதைவிட எரிகிற வீட்டை அணைப்பது மலிவு. அதனால் ஆளுக்கொரு படை வைத்துக்கொண்டார்கள். பகலில் தேம்ஸ் நதியில் படகு ஓட்டும் ஆட்கள்தான் இந்தப் படைகளின் தீயணைப்பாளர்கள். கம்பெனிக்குக் கம்பெனி சீருடையும் வில்லையும் வேறு. இந்த வேலையில் சேர்ந்தவனைக் கடற்படை வலுக்கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போக முடியாது என்று சட்டம் சலுகை கொடுத்திருந்ததால் ஆள் சேர்ப்பதும் சுலபமாக இருந்தது.

இந்தக் கட்டத்தில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. காப்பீடு செய்த வீட்டின் சுவரில், கைக்கெட்டாத உயரத்தில், ஈயத்தாலான ஒரு தகடு பதித்திருப்பார்கள். சூரியன் முகம், கைகோத்த கரங்கள் என்று கம்பெனியின் சின்னமும், சிலவற்றில் பாலிசி எண்ணும் அதில் இருக்கும். படை வந்து தகட்டைப் பார்க்குமாம். தங்கள் கம்பெனி இல்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்குமாம். தனியாரிடம் பொதுக்காரியத்தை விட்டால் இப்படித்தான் ஆகும் என்று என் கட்சிக்கு வலுச்சேர்க்க இந்தக் கதையை நான் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆதாரம் அதற்கு இடம் தரவில்லை. அந்தக் காலச் சட்டப்படி, முதலில் வந்துசேரும் பம்புக்கு 30 ஷில்லிங், அடுத்ததற்கு 20, மூன்றாவதற்கு 10 என்று வெகுமதி கிடைத்தது. ஆகவே யார் வீடானாலும் ஓடி வருவதில் லாபம் இருந்தது. பக்கத்து வீட்டில் நம் தகடு இருந்தால், இந்த வீட்டை எரியவிடுவது முட்டாள்தனம். கூட்டத்தின் முன்னால் தீயை அணைத்துக் காட்டுவதோ காசில்லாத விளம்பரம். ஆக, காப்பீட்டுக் கம்பெனிகள் கல்நெஞ்சக்காரர்கள் என்ற வாதம் நிற்காது. அவர்களிடம் இருந்த குறை அதைவிட ஆழமானது. அது அவர்களுடைய மிகச் சிறந்த படையைப் பார்த்தால்தான் புரியும்.

1833இல் பத்துக் கம்பெனிகள் போட்டியை விட்டுவிட்டு, லண்டன் ஃபயர் எஞ்சின் எஸ்டாபிளிஷ்மென்ட் என்ற ஒரே படையாகச் சேர்ந்தன. 80 முழுநேர ஆட்கள். தலைமைக்கு எடின்பரோவிலிருந்து ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டை வரவழைத்தார்கள். 1824இல், 24 வயதில், எடின்பரோ நகரத்தின் சொந்தப் படையை உருவாக்கி நடத்தியவர் அவர். கூரை வேய்பவர், தச்சர், கொத்தனார், குழாய் வேலைக்காரர் என்று கட்டடத்தின் எலும்பும் நரம்பும் தெரிந்தவர்களாகப் பார்த்து அங்கே அவர் சேர்த்தார். விடியுமுன் இருட்டில் எழுப்பிப் பயிற்சி கொடுத்தார். பெரும்பாலான தீ இரவில்தான் வரும். ஏணியையும் குழாயையும் கண் தெரியாமலே கை அறிந்திருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. தெருவில் நின்றபடி ஜன்னலைக் குறிவைத்துத் தண்ணீர் பீய்ச்சுவது அதுவரை இருந்த பழக்கம். புகையில் பாதி ஆவியாகிப் போகும், மீதி சுவரில் வழியும். பிரெய்ட்வுட் ஆட்களைக் கட்டடத்துக்குள் அனுப்பினார். தரையோடு தரையாகத் தவழ்ந்து, தாழ்வாக இருக்கும் நல்ல காற்றைச் சுவாசித்துக்கொண்டு, தீயின் அடியில் தண்ணீர் விழும்படி செய்ய வைத்தார். இன்றைய தீயணைப்பு முறையின் வேர் இதில் இருக்கிறது.

இத்தனை திறமையும் யாருக்காக? பொருளுக்காக. மாடியில் சிக்கிய மனிதரை இறக்குவது இந்தப் படையின் கடமையாக எங்கும் எழுதப்படவில்லை. அவர்கள் கண்முன் உயிர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ பேரைக் காப்பாற்றியும் இருக்கிறார்கள். ஆனால் அது மனிதத்தன்மை, வேலை விவரத்தில் இல்லாதது. உயிர் காக்கும் பொறுப்பை ஏற்றது 1836இல் நன்கொடையில் தொடங்கிய ஒரு தர்ம சங்கம். சக்கரம் வைத்த பெரிய ஏணிகளை இரவுதோறும் தெருமுனைகளில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளைக் காவல் வைத்தது அது. ஏணியின் அடிப்பக்கம் கித்தான் துணியில் ஒரு சரிவு தொங்கும். மேலே இருப்பவர் அதில் வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடலாம். ஒரே தெருவில் ஒரே தீக்கு இரண்டு அமைப்புகள் வந்து நின்றன. மூட்டைக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று. மூட்டைக்குப் பாலிசி இருந்ததால் அதற்குச் சம்பளப் படை கிடைத்தது, மனிதருக்கு உண்டியல். 1834இல் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது. அதற்கு அப்புறமும் முப்பது ஆண்டுகள் தலைநகருக்கு அரசுப் படை என்று ஒன்று அமையவில்லை.

ஏற்பாட்டை முறித்தது 1861 ஜூன் 22. தேம்ஸின் தென்கரையில் டூலி தெருக் கிடங்குகளில் தீப்பிடித்தது. சணல், பருத்தி, சர்க்கரை, விலங்குக் கொழுப்பு, வெடியுப்பு என்று எரிவதற்கென்றே அடுக்கி வைத்ததுபோலச் சரக்கு. அறைக்கும் அறைக்கும் நடுவே தீத்தடுப்புக்காகப் போட்டிருந்த இரும்புக் கதவுகள் திறந்து கிடந்தன. சுவர் சரிந்து பிரெய்ட்வுட் இறந்தார். அணைய இரண்டு வாரம் ஆயிற்று. நஷ்டம் சுமார் 20 லட்சம் பவுண்டு. உடனே கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றின. அடுத்த ஆண்டில், இனிமேல் ஊரைக் காப்பது எங்களால் ஆகாது என்று அரசிடம் கைவிரித்தன. அரசு தனியாரிடமிருந்து இந்தப் பணியைப் பறித்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். லாபம் வரும்வரை அது கம்பெனிகளின் வேலை. தாங்கமுடியாத நஷ்டம் வந்ததும் ஊராரின் வேலை.

1865இல் சட்டம் வந்தது. 1866 ஜனவரி 1 முதல் மெட்ரோபாலிடன் தீயணைப்புப் படை இயங்கத் தொடங்கியது. செலவை எப்படிப் பிரித்தார்கள் என்பதைக் கேளுங்கள். அரசு ஆண்டுக்கு 10,000 பவுண்டு. காப்பீட்டுக் கம்பெனிகள், தாங்கள் காப்பீடு செய்த ஒவ்வொரு 10 லட்சம் பவுண்டு சொத்துக்கும் 35 பவுண்டு. வீட்டு வரியில் பவுண்டுக்கு அரைப் பென்னி வரை. கம்பெனிகள் மலிவாகத் தப்பின என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வரி கட்டுகிறவர் பங்குதாரர் ஆனதும் படையின் கடமையே மாறிவிட்டது. உயிரையும் உடைமையையும் காப்பது என்று சட்டத்தில் எழுதினார்கள். உயிர் முதலில் வந்தது. மறு ஆண்டே, 1867இல், தர்ம சங்கத்தின் சக்கர ஏணிகள் படையின் கைக்கு வந்தன. புதிய கருவி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பழைய ஏணிகளேதான், பணம் கொடுப்பவர் மட்டும் வேறு.

பிரெய்ட்வுட்டுக்குப் பின் வந்த கேப்டன் எயர் மாஸி ஷா 1891 வரை தலைமை வகித்தார். பித்தளை ஹெல்மெட், நீராவிப் பம்பு, நிலையங்களை இணைக்கும் தந்தி என்று படைக்கு ஒரு மிடுக்கு வந்தது அவர் காலத்தில். மாலுமிகளை விரும்பிச் சேர்த்தார். உயரமும் கயிறும் பழக்கம், இரவுபகல் பாராமல் விழித்திருப்பதும் பழக்கம் என்பது காரணம். இதன் மறுபக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆட்கள் நிலையத்திலேயே குடியிருந்து, ஏறக்குறைய நாள் முழுக்கவும் பணியில் இருந்தார்கள். இரண்டு ஷிப்டு முறை வர 1920 ஆயிற்று. அதற்குள் 1889இல் படை லண்டன் கவுன்டி கவுன்சிலிடம் போயிருந்தது. லண்டன் தீயணைப்புப் படை என்ற பெயர் 1904இல் வந்தது.

வேகமான வண்டி இருந்தால் போதாது, வண்டியைக் கூப்பிடவும் வழி வேண்டும். 1935 நவம்பரில் விம்போல் தெருவில் ஒரு வீடு எரிந்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிர்ப்பக்கம் இருந்தவர் தொலைபேசியை எடுத்திருக்கிறார். எக்ஸ்சேஞ்சில் மற்ற அழைப்புகளோடு வரிசையில் அவரைக் காக்க வைத்துவிட்டார்கள். அவர் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், விசாரணை நடந்தது, 1937 ஜூன் 30 அன்று 999 என்ற எண் லண்டனில் அறிமுகமானது. அந்த எண்ணில் அழைப்பு வந்தால் எக்ஸ்சேஞ்சில் சிவப்பு விளக்கு எரியும், ஹாரன் அலறும். ஹாரன் சத்தம் காதைக் கிழித்ததால் அங்கே வேலை பார்த்த பெண்கள் அதன் வாயில் டென்னிஸ் பந்தைச் செருகினார்களாம். கதை வேடிக்கையானது, ஆனால் அந்த எண்ணின் பின்னால் உள்ள எண்ணம் பெரிது. ஆபத்தில் இருப்பவர் சாதாரண வாடிக்கையாளர் அல்லர், எல்லாருக்கும் முன்னால் அவருக்கு வழிவிட வேண்டும் என்று ஒரு நகரம் கம்பி வழியாகவே ஒப்புக்கொண்டது.

போர்க்காலம் வேறொரு கேள்வியைக் கிளப்பியது. படை நகரத்தின் சொத்தா, நாட்டின் சொத்தா? 1940 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை இரவு. சிட்டி வட்டாரத்தில் தீக்குண்டுகள் மழையாக விழுந்தன. தேம்ஸில் நீர் வற்றிய நேரம். தண்ணீர்க் குழாய்களும் உடைந்துவிட்டன. இதையெல்லாம்விட மோசம், விடுமுறை என்று அலுவலகங்களையும் கிடங்குகளையும் பூட்டிக்கொண்டு உரிமையாளர்கள் போய்விட்டிருந்தார்கள். கூரையில் விழுந்த சின்னக் குண்டை ஒரு வாளி மணலால் அணைக்க ஆளில்லை. பிறர் சொத்துக்கு ஆபத்து வராதபடி தன் சொத்தைக் காப்பதும் கடமை என்று அப்போது அரசுக்கு அழுத்தமாக உறைத்தது. அடுத்த சில வாரங்களில் தீக்காவல் கட்டாயமானது. இதற்கிடையே நாடெங்கும் 1,600க்கும் மேற்பட்ட தனித்தனிப் படைகள் இருந்தன. பிளிமத் போன்ற ஊர்கள் குண்டுவீச்சில் எரிந்தபோது, உதவிக்கு வந்த வெளியூர்ப் படையின் குழாய் உள்ளூர்க் குழாயோடு பொருந்தாமல் திண்டாடியது. 1941 ஆகஸ்டில் எல்லாவற்றையும் ஒரே தேசியப் படையாக்கினார்கள். 1948 ஏப்ரல் 1 அன்று திரும்பவும் உள்ளூர் மன்றங்களிடமே கொடுத்தார்கள்.

ஒரே தேசியப் படையாகவே வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அளவும் பயிற்சியும் ஒரே மாதிரி இருக்கும் என்பது சரியான வாதம்தான். ஆனால் அளவுகோலைப் பொதுவாக்குவதற்குப் படையைப் பொதுவாக்க வேண்டியதில்லை. எந்தச் சந்தில் வண்டி திரும்பாது, எந்தக் கட்டடத்தில் எத்தனை படிக்கட்டு என்பது உள்ளூர்க்காரனுக்குத்தான் தெரியும். நம் நாட்டிலும் இந்த விவாதம் தீரவில்லை. மும்பையில் தீயணைப்பு மாநகராட்சியின் பணி. சென்னையில் அது மாநில அரசின் துறை. அரசியல் சட்டத்தின் 12ஆம் அட்டவணையோ தீயணைப்பை நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளில் ஒன்றாகச் சொல்கிறது. இதில் எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. படை யாருடையது என்பதைவிட, கட்டடத்துக்குள் கேள்வி கேட்கும் உரிமை அதற்கு இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தீயை அதிகம் தோற்கடித்தது குழாய்த் தண்ணீர் அன்று, விதிகள்தான். 1971இல் வந்த சட்டம் சில வகைக் கட்டடங்களுக்குத் தீயணைப்புப் படையின் சான்றிதழ் வேண்டும் என்றது. 1987 நவம்பர் 18 அன்று கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில், மரத்தாலான நகரும் படிக்கட்டின் அடியில் சேர்ந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கிலும் குப்பையிலும் ஒரு தீக்குச்சி விழுந்தது. 31 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் தீயணைப்பு அதிகாரி காலின் டவுன்ஸ்லி. சரிவான பள்ளத்தில் தீ தரையோடு படுத்துக்கொண்டு மேல்நோக்கிப் பாயும் என்பதை விசாரணை கண்டுபிடித்தது. அதன்பின் நிலத்தடி நிலையங்களுக்குத் தனி விதிகள் வந்தன, மரப் படிக்கட்டுகள் போயின. 1988இல் சோபா, மெத்தைகளுக்கு எரியும் தன்மை பற்றிய விதிகள் வந்தன. 2004ஆம் ஆண்டுச் சட்டம் தீ வருமுன் தடுப்பதையும் படையின் கடமையாக்கியது. வீடு வீடாகப் போய்ப் புகை அலாரம் மாட்டுவதும் வேலையானது. தீ விபத்துகள் குறைந்தன.

தீ குறைந்தால் நிலையம் எதற்கு என்ற கேள்வி உடனே வந்தது. 2014 ஜனவரியில் பத்து நிலையங்களை ஒரே நாளில் மூடினார்கள். 1872இல் திறந்த கிளார்க்கன்வெல் நிலையமும் அதில் ஒன்று. நிலத்தில் 102, நதியில் ஒன்று என மிச்சம். முதல் வண்டி சராசரியாக ஆறு நிமிடத்திலும் இரண்டாவது எட்டு நிமிடத்திலும் வரவேண்டும் என்பது இலக்கு. நகரச் சராசரி மூடிய பிறகும் அந்த எல்லைக்குள்தான் இருந்தது. ஆகவே மூடியவர்கள் சொன்னது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிலையத்தின் பயனைத் தீயின் எண்ணிக்கையால் அளப்பது தவறான அளவு. நிலையம் நேரத்தை வாங்கித் தருகிறது. சராசரி நன்றாக இருக்கும்போதே, மூடிய நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு நேரம் கூடிவிடுகிறது. சும்மா நிற்கும் வண்டியை வீண்செலவு என்று எண்ணுவோர், அது சும்மா நிற்பதற்கே பணம் கொடுக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய தவறு, ஓசையில்லாமல் 2005இல் நடந்தது. படையின் சான்றிதழ் முறையை ஒழித்து, கட்டடத்துக்குப் பொறுப்பானவரே ஆபத்தை மதிப்பிட்டுக்கொள்ளலாம் என்று விட்டார்கள். படிவம் குறைந்தது, பாதுகாப்பைக் கேள்வி கேட்க வெளியாள் ஒருவர் குறைந்தார். 2009இல் லக்கனல் ஹவுஸ் அடுக்குமாடியில் நடந்த தீ விபத்தில் ஆறு பேர் இறந்தார்கள். 2017 ஜூன் 14, நள்ளிரவு தாண்டி 12.54க்கு 24 மாடி கிரென்ஃபெல் டவரிலிருந்து முதல் அழைப்பு வந்தது. நாலாவது மாடியில் ஒரு குளிர்பதனப் பெட்டி. ஐந்து நிமிடத்தில் வண்டிகள் வந்துவிட்டன, சமையலறைத் தீயை அணைத்தும்விட்டார்கள். அதற்குள் தீ ஜன்னல் வழியே வெளியேறி, புதுப்பிப்பு என்ற பெயரில் சுவரில் ஒட்டிய அலுமினியப் பலகைகளைப் பிடித்திருந்தது. நடுவே பிளாஸ்டிக் அடுக்கு வைத்த பலகைகள் அவை. 72 பேர் இறந்தார்கள்.

படையே தவறவில்லையா என்று கேட்பார்கள். தவறியது. அடுக்குமாடியில் ஒரு வீட்டில் தீயென்றால் மற்றவர்கள் உள்ளேயே இருக்கவேண்டும் என்ற விதியை, சுவரே எரியும் கட்டடத்திலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கைவிட்டபோது மணி 2.47. முன்னமே வெளியேற்றியிருந்தால் சாவு குறைந்திருக்கும் என்று 2019இல் நீதிபதி மார்ட்டின் மூர்பிக்கின் அறிக்கை சொன்னது. லக்கனலின் பாடத்தை எட்டு ஆண்டில் பயிற்சியாக மாற்றாததற்குச் சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் அந்த விதி ஒரு நம்பிக்கையின் மேல் நின்றது: ஒரு வீட்டின் தீ அடுத்த வீட்டுக்குப் பரவாதபடி கட்டியிருப்பார்கள் என்ற நம்பிக்கை. அது பொய்த்த இடம் கட்டுமான மேற்பார்வை. 2024இன் இரண்டாம் அறிக்கை, பொருள்களைத் தயாரித்தவர்களும் சோதித்தவர்களும் விதி எழுதிய அரசும் சேர்ந்து அந்த நம்பிக்கையைக் குலைத்ததை விரிவாகக் காட்டியது.

அதற்குப் பிறகு லண்டன் படை 64 மீட்டர் ஏணிகள் வாங்கியது, மாடிகளைக் காலிசெய்யும் பயிற்சி எடுத்தது. நகரத்தில் அதே மாதிரிப் பலகை ஒட்டிய மற்றக் கட்டடங்களில் குடியிருந்தவர்கள் நிலைமை என்ன? பலகைகளை எடுக்கும்வரை இரவுபகலாக வராந்தாக்களில் நடந்து தீயைத் தேடும் காவல் ஆட்களை வைக்கச் சொன்னார்கள். பல இடங்களில் அந்தச் சம்பளம் குடியிருப்பவர்களின் பராமரிப்புக் கட்டணத்தில் ஏறியது. அதன்பின் வந்த 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், 11 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் பலகைச் செலவைத் தகுதியுள்ள வீட்டுக்காரர்கள் தலையிலிருந்து இறக்கி, கட்டியவர்கள் பக்கமும் நில உரிமையாளர்கள் பக்கமும் தள்ளியது. உயர்ந்த கட்டடங்களுக்குத் தனி ஒழுங்குமுறை அமைப்பையும் ஏற்படுத்தியது. எந்தக் கட்டடத்தின் செலவை யார் கொடுப்பது என்ற வழக்குகள் தீர்ப்பாயங்களில் நடந்துகொண்டிருக்கின்றன.